இந்த மாசம் எது?

நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வாடகை ரூமில் பெரும்பாலும் இரண்டு வாட்ஸப் குரூப் இருக்கும். ஒன்று கேஸ், தண்ணி கேன் கணக்குக்கு. இன்னொன்று, "இந்த மாசம் எந்த ஓடிடி?" என்ற பஞ்சாயத்துக்கு.

பெரிய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஆனால் ஒன்று நெட்ஃப்ளிக்ஸில் இறங்கும், அடுத்தது பிரைமில், அதற்கடுத்தது சன் நெக்ஸ்ட்டில். படம் எந்த ஊரோ அந்த ஊருக்கு பஸ் ஏறுவது மாதிரி, அந்த மாசம் அந்த ஓடிடிக்கு மட்டும் சந்தா கட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஐபிஎல்லும் அப்படியே. 2023இல் ஜியோசினிமாவில் ஓசியில் பார்த்த கூட்டம், 2025இல் ஜியோஹாட்ஸ்டாருக்கு மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் கட்டியது. ஃபைனல் முடிந்த மறுநாள் அந்த ஆப்பை யார் திறக்கிறார்கள்?

நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மொபைல் பிளான் 149 ஆனது, நாலு ஸ்கிரீன் பிளான் 649. ஆளுக்கு 162 ரூபாய் 25 காசு! பதின்மூன்று ரூபாய் சொச்சம் கூடப் போட்டால் மொபைல் பிளானின் 480பி மங்கல் போய் 4கே தெளிவு. (அந்த 25 காசை யார் போடுவது என்பது தனிச் சண்டை.) ஆனால் 2023 ஜூலையிலிருந்து ஒரு அக்கவுன்ட் ஒரு வீட்டுக்குத்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் அங்கே டிவியில் போட்டால் ஓடிபி மாதிரி ஒரு 'கோட்' நம்பர் கேட்கும். அந்த நம்பர் வரும் போனை வைத்திருப்பவன் அப்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பான்.

சேருவது சுலபம், கழன்றுகொள்வதில்தான் வித்தை. ஆப்பை போனிலிருந்து அழித்தால் சந்தா ரத்தாகாது. பாதிப் பேர் காசு விடுவது இங்கேதான். பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கேயே புரொஃபைல் படத்தைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் கேன்சல் கொடுக்க வேண்டும். நேரே எடுத்திருந்தால் அந்தந்தத் தளத்தின் அக்கவுன்ட் பக்கத்தில். அதன்பின் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒரு எட்டு பாருங்கள். மேண்டேட்டில் (பணம் தானாக எடுத்துக்கொள்ள நாம் கொடுத்த அனுமதியில்) எழுதியிருப்பது 'அதிகபட்சத் தொகை'. அது சந்தாவைவிடப் பெரிதாக இருந்தால், விலை ஏறினாலும் மறுபடி யுபிஐ பின் நம்பர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். வரும், லோன் ஆஃபர் எஸ்எம்எஸ்களுக்கு நடுவில். மாசக் கடைசியில் கணக்கில் 87 ரூபாய்தான் இருக்கிறது, தப்பித்தோம் என்று சிரிக்கவும் முடியாது. சம்பளம் விழுந்ததும் மறுபடி கை நீட்டும்.

விவரமான பசங்க பணம் கட்டிய அன்றே கேன்சல் கொடுத்துவிடுவார்கள். நெட்ஃப்ளிக்ஸில் கட்டிய மாதம் முடியும்வரை படம் ஓடும். ரத்து செய்த பிறகும், என்னென்ன பார்த்தோம் என்ற கணக்கை அது பத்து மாதம் பத்திரமாக வைத்திருக்கும். அதனால் ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனாலும், பாதியில் விட்ட எபிசோட் அதே இடத்தில் காத்திருக்கும். கூடவே, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ரூமைக் காலி செய்தவனின் புரொஃபைலும்.