அட்டவணையின் இரண்டு வரிசைகள்

தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளை நான் பின்பக்கத்திலிருந்து படிப்பவன். முன்பக்கங்களில் காற்றாலைப் படங்களும் தலைவர்களின் முன்னுரைகளும் இருக்கும். கணக்கு அட்டவணையில்தான் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் ஒரு வாக்குறுதி அளித்தது. தான் வெளியேற்றுவதைவிட அதிகமான கார்பனை 2030-க்குள் காற்றிலிருந்து அகற்றத் தொடங்குவதாகச் சொன்னது. 2024-இல் வந்த அதன் அறிக்கையோ, 2023 நிதியாண்டில் மொத்த உமிழ்வு 2020-ஐவிட 29.1 விழுக்காடு கூடியிருந்ததாகத் தெரிவித்தது. ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கூடவே, சொந்த எரிபொருளாலும் வாங்கிய மின்சாரத்தாலும் வரும் உமிழ்வு, அதாவது ஸ்கோப் 1, ஸ்கோப் 2 இரண்டும் சேர்ந்து, 6.3 விழுக்காடு குறைந்திருப்பதாகவும் அறிக்கை கூறியது. தரவு மையங்கள் பெருகிக்கொண்டே போகும்போது மின்சாரத்தின் கணக்கு எப்படிக் குறையும்?

அட்டவணையில் மின்சாரத்துக்கு இரண்டு வரிசைகள் உண்டு. சந்தை அடிப்படையிலான வரிசையில் 2020-இல் ஏறத்தாழ 4.56 லட்சம் டன்னாக இருந்தது 2023-இல் 3.93 லட்சம் டன்னாக இறங்குகிறது. இட அடிப்படையிலான வரிசையிலோ 40 லட்சம் டன்னுக்குச் சற்று மேல் இருந்தது 80 லட்சம் டன்னுக்கு மேல் ஏறியிருக்கிறது. முதல் வரிசை, காற்றாலை, சூரிய மின் நிலையங்களோடு செய்த ஒப்பந்தங்களையும் வாங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களையும் கழித்தபின் நிற்பது. இரண்டாவது, தரவு மையம் இருக்கும் பகுதியின் மின்தொகுப்பில் உண்மையில் என்ன எரிகிறதோ அதன் சராசரி. பகலில் மாடியிலுள்ள சூரியத் தகடு கொடுத்த யூனிட்டை ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கூட்டி, இரவில் ஓடிய ஏசியும் சூரிய ஒளியில்தான் ஓடியது என்று எழுதுவதைப் போன்றது முதல் வரிசை. தவறான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் பசுமைஇல்ல வாயு நெறிமுறை 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இரண்டையும் காட்டச் சொல்கிறது. எந்த வரிசை முன்பக்கத்துக்குப் போகிறது என்பதில்தான் எனக்கு மனக்குறை.

மொத்த உமிழ்வில் 96 விழுக்காட்டுக்கு மேல் ஸ்கோப் 3, அதாவது நிறுவனத்துக்கு வெளியே, பெரும்பாலும் பிறரிடம் வாங்கிய பொருள்களோடு வருவது: கட்டடத்துக்கான எஃகு, கான்கிரீட், உள்ளே அடுக்கும் சர்வர்கள், சிப்கள். 2020-ஐவிட 30.9 விழுக்காடு கூடிய இந்தப் பகுதியின் எண்கள், அளந்தவை என்பதைவிடப் பெரும்பாலும் மதிப்பிட்டவை. செலவான தொகையைத் துறைச் சராசரியால் பெருக்கிப் பெறுவதும் இத்துறையில் வழக்கம்தான்.

2025 அறிக்கையில் 2020-ஐவிட மொத்த உமிழ்வின் உயர்வு 23.4 விழுக்காடு என்று வந்தபோது, அதன் பக்கத்திலேயே எரிசக்திப் பயன்பாடு 168 விழுக்காடும் வருவாய் 71 விழுக்காடும் வளர்ந்ததைக் குறிப்பிட்டிருந்தார்கள். வளர்ச்சியோடு ஒப்பிட்டால் 23.4 சிறியதாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் 2020-இல் கொடுத்த வாக்கு மொத்த டன் கணக்கில் கொடுக்கப்பட்டது.

கூகுள் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. தன் ஆண்டு மின் நுகர்வுக்கு 2017 முதல் 100 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குவதாகச் சொல்லும் அந்நிறுவனம், மணிக்கு மணி ஒப்பிட்டால் கார்பன் இல்லாத மின்சாரத்தின் பங்கு 2023-இல் 64 விழுக்காடுதான் என்பதையும் தானே வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் அடுத்த அட்டவணையில் நான் முதலில் தேடப்போவது அப்படியொரு மூன்றாவது வரிசையைத்தான்.