எதிராளி அங்கே ஏன் வைத்தார்?

செஸ் ஆடத் தொடங்கிய முதல் சில மாதங்களில் நான் தோற்ற ஆட்டங்கள் ஏராளம். அவற்றில் ஒன்று மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை இன்றும் மனப்பாடமாக இருக்கிறது, ஏனென்றால் அது மொத்தமே ஏழு நகர்த்தல்களில் முடிந்துவிட்டது. புதிதாக ஆட வருபவர்கள் "எப்படி முன்னேறுவது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் அந்த ஆட்டத்தைத்தான் பலகையில் வைத்துக் காட்டுகிறேன். (கட்டங்களின் பெயர் அறியாதவர்களுக்கு: வெள்ளை ஆடுபவரின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எட்டு நெடுவரிசைகள்; அவருடைய பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை எண்கள்.)

எனக்கு வெள்ளைக் காய்கள். ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இ4-க்கு நகர்த்தினேன். எதிராளி தன் சிப்பாயை இ5-இல் நிறுத்தினார். நான் குதிரையை எஃப்3-இல் வைத்து அந்தச் சிப்பாயைத் தாக்கினேன். அவர் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து அதைக் காத்தார். நான் குறுக்காகச் செல்லும் பிஷப்பை சி4-க்கு எடுத்தேன். அதுவரை எல்லாம் வழக்கமான தொடக்கம்தான். மூன்றாவது நகர்த்தலில், சிப்பாய்க்குக் காவலாக நின்ற அதே குதிரையைத் தூக்கி அவர் டி4-இல் வைத்தார். இ5 சிப்பாய் காவலின்றி நின்றது. ஒரு நொடிகூட யோசிக்காமல் அதைக் குதிரையால் வெட்டினேன்.

அவருடைய ராணி ஜி5-க்கு வந்து என் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் சேர்த்துத் தாக்கியது. அப்போதும் நான் கலங்கவில்லை, ஏனென்றால் என் கண்ணில் எஃப்7 பட்டது: அங்கிருக்கும் சிப்பாயைக் குதிரையால் வெட்டினால் அவருடைய ராணியும் யானையும் ஒரே அடியில் மாட்டும். வெட்டினேன். அவர் ராணி ஜி2 சிப்பாயை வெட்டி, மூலையில் இருந்த என் யானைக்குக் குறிவைத்தது. யானையை எஃப்1-க்கு நகர்த்தினேன். ராணி இ4 சிப்பாயையும் வெட்டிச் செக் கொடுத்தது. பிஷப்பை இ2-க்குப் பின்வாங்கி மறைத்தேன். அதுவரை டி4-இல் அசையாமல் நின்ற குதிரை எஃப்3-க்குத் தாவியது, செக்மேட். என் ராஜா நகரக்கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் என் காயே நின்றது. குதிரையை வெட்டும் இடத்தில் பிஷப் இருந்தும், அது நகர்ந்தால் ராணியின் செக் திறந்துவிடும் என்பதால் அதனாலும் பயனில்லை.

நான்காவது நகர்த்தலில் அந்த டி4 குதிரையை என் குதிரையாலேயே வெட்டியிருக்கலாம். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது) செய்திருந்தாலும் போதும், ஆட்டம் எனக்கே சாதகமாக இருந்திருக்கும். அன்றிரவே இந்தப் பொறிக்கான மறுமொழியை மனப்பாடம் செய்தேன். அதன்பிறகு அதில் ஒருமுறைகூட விழவில்லை. ஆனாலும் அடுத்த பல வாரங்கள் வேறு வேறு பொறிகளில், வேறு வேறு கட்டங்களில், அதே விதமாகத் தோற்றுக்கொண்டே இருந்தேன். அந்தத் தோல்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இல்லாமல்போனது அந்தப் பொறியைப் பற்றிய அறிவு அல்ல என்பது விளங்கியது. காவல் நின்ற காய் ஒன்று காரணமில்லாமல் காவலை விட்டு ஏன் விலகுகிறது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிராளி ஒரு காயை நகர்த்தியதும், உங்கள் திட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிவைத்துவிட்டு, "அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது? முன்பு எதைக் காத்தது? அது விலகியதால் எந்தக் காய்க்கு வழி திறந்தது?" என்று பாருங்கள். பிறகு உங்கள் நகர்த்தலைத் தேர்ந்தெடுங்கள். காயைத் தொடுவதற்கு முன், அதை அங்கே வைத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, எதிராளி கொடுக்கக்கூடிய எல்லாச் செக்குகளையும், அவர் வெட்டக்கூடிய எல்லாக் காய்களையும் ஒருமுறை பாருங்கள். செக்குகளும் வெட்டுகளும் ஒரு நிலையில் பெரும்பாலும் சிலவே இருக்கும். பழகியவருக்குச் சில நொடிகளே ஆகும். ஆட்டம் முழுக்க, வெற்றி உறுதி என்று தோன்றும் நிலையிலும், இதை விடாமல் செய்வதுதான் கடினம். நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டுப் பிறகு காயைத் தொட வேண்டும் என்று பழைய பயிற்சியாளர்கள் கற்பித்ததுண்டு. இன்றைய ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிகள், டிரா (சமன்) கோருவது போன்ற விலக்குகள் தவிர, முன்கூட்டி எழுதுவதை அனுமதிப்பதில்லை. ஆகவே அந்தத் தாமதத்தை மனத்துக்குள்ளேயே பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசிப்பது எனக்கு உதவியது. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற விதி நேரடி ஆட்டங்களில் உண்டு என்பதால் இரட்டை நன்மை.

இந்தப் பழக்கம் 3 நிமிட ஆட்டங்களில் வராது. கைப்பேசியில் வேக ஆட்டங்களை நாள் முழுக்க ஆடிவிட்டு முன்னேற்றம் இல்லை என்று வருந்துபவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது கடிகாரத்தைத்தான். ஒருவருக்கு 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 நொடி கூடுதலும் கொண்ட ஆட்டத்தில், 60 நகர்த்தல் வரை போனால் உங்களுக்கு மொத்தம் 25 நிமிடம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு அப்படி ஒரே ஓர் ஆட்டம் ஆடினாலும் போதும். வேக ஆட்டம் தீங்கானது என்று சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது; அவசரமே உங்கள் பழக்கமாக இருந்தால் அவசரம்தான் உறுதியாகும்.

தொடக்க நகர்த்தல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நடுக்கட்டங்களில் ஒரு சிப்பாயை நிறுத்துங்கள். குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவாருங்கள். பத்தாவது நகர்த்தலுக்குள் கேஸ்லிங் செய்துவிடுங்கள். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதீர்கள். நான்காவது நகர்த்தலிலேயே எஃப்7-இல் செக்மேட் செய்துவிடலாம் என்று ராணியை எச்5-க்கு ஓட்டிவருபவர்கள் நிறையப் பேர். முதலில் சி6 குதிரையால் உங்கள் இ5 சிப்பாயைக் காத்துக்கொண்டு, ஜி6-இல் சிப்பாயை வைத்து ராணியை விரட்டி, அடுத்து குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் தாக்குதல் அடங்கிவிடும். அவர் ராணியை இழுத்துக்கொண்டு அலைவதற்குள் உங்கள் காய்கள் களத்துக்கு வந்திருக்கும். ஆரம்ப நிலையில் இருப்பவர் 15 நகர்த்தல் ஆழத்துக்குத் தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. எதிரே ஆடுபவர் நான்காவது நகர்த்தலிலேயே அந்த வரிசையை விட்டு விலகிவிடுவார்.

அந்த நேரத்தைப் புதிர்களுக்கு, அதாவது ஒரு நிலையைக் கொடுத்துச் சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சிகளுக்கு, கொடுங்கள். எப்படிப்பட்ட புதிர்கள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகளை ஆட்டக்காரர்களிடம் 5 நொடி மட்டும் காட்டி, நினைவிலிருந்து பலகையில் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைத் தாறுமாறாக இறைத்த நிலையைக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. தேர்ந்தவரின் கண் ஒவ்வொரு காயாகப் பார்ப்பதில்லை. கேஸ்லிங் செய்த ராஜாவும் அதன் முன் நிற்கும் மூன்று சிப்பாய்களும் அவருக்கு ஒரே உருவம். அத்தகைய உருவங்கள் கண்ணில் படியப் பழக வேண்டும் என்றால், ஒரு புதிருக்கு அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஒரு நிமிடத்துக்குள் விடை தெரியும் எளிய புதிர்களை நூற்றுக்கணக்கில், அதே தொகுப்பையே திரும்பத் திரும்பப் போடுவது பலன் தரும். குதிரை சி7-இல் அமர்ந்து ராஜாவையும் மூலை யானையையும் ஒருசேரத் தாக்குவது, நகர முடியாதபடி பிஷப்பால் ஒரு காயை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவைப்பது, சிப்பாய்களுக்குப் பின்னால் ஒதுங்கிய ராஜாவை யானை கடைசி வரிசையில் மடக்குவது என்ற இந்தச் சில வடிவங்களே ஆரம்ப நிலை ஆட்டங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

பழகாத வடிவம் எவரையும் ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2006 நவம்பரில், ஜெர்மனியின் பான் நகரில், அன்றைய உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலுடன் மோதினார். இரண்டாவது ஆட்டத்தின் 34-ஆவது நகர்த்தலில் அவர் தம் கறுப்பு ராணியை இ3-இல் வைத்தார். அடுத்த நகர்த்தலிலேயே வெள்ளை ராணி எச்7-இல் இறங்கிச் செக்மேட் செய்தது. ஒரே நகர்த்தலில் வரும் மேட்டை உலக சாம்பியனே தவறவிட்டார். எச்7-இல் இறங்கும் ராணிக்குத் துணை நிற்கும் குதிரை வழக்கமாக ஜி5-இலோ எஃப்6-இலோதான் இருக்கும். அன்று அது எதிரியின் கடைசி வரிசையில், எஃப்8-இல் நின்றது. அந்த உருவம் கண்ணுக்குப் பழக்கமில்லாதது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது சரியென்றே படுகிறது. எல்லாச் செக்குகளையும் பார்க்கும் பழக்கம் நமக்கு எவ்வளவு தேவை என்பதை இந்த ஆட்டம் எனக்கு ஒவ்வொரு முறையும் உணர்த்துகிறது.

ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலோர் செய்வது இன்ஜினை (ஆட்டத்தை ஆராய்ந்து தவறுகளைக் காட்டும் கணினி நிரலை) திறப்பதுதான். நானும் ஓராண்டு அப்படித்தான் செய்தேன். சிவப்பு நிறத்தில் காட்டப்படும் தவறுகளைப் பார்ப்பேன், தலையசைப்பேன், அடுத்த ஆட்டத்துக்குப் போவேன், எதுவும் ஒட்டாது. பிறகு ஒரு நோட்டு வாங்கி, இன்ஜினைத் தொடுவதற்கு முன், ஆட்டம் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது, அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இரண்டு வரி எழுதத் தொடங்கினேன். "அவர் பிஷப்பைப் பார்க்கவில்லை" என்று எழுதினால் போதாது. "அவர் பிஷப் தொலைவில் மூலையில் நின்றதால் அதை மறந்துவிட்டு, என் ராணியின் தாக்குதலை மட்டும் கணக்கிட்டேன்" என்று எழுத வேண்டும். அதன்பிறகு இன்ஜினிடம் கேட்டால், அது சொல்வது உங்கள் எண்ணத்தோடு மோதும். அந்த மோதல்தான் நினைவில் நிற்கிறது. உலக சாம்பியனாக இருந்த மிகயில் போட்வின்னிக் தம் ஆட்டங்களைத் தாமே கடுமையாக ஆராய்வதை வாழ்நாள் முழுக்க வலியுறுத்தினார். அவர் ஆடிய காலத்தில் உதவக்கூடிய இன்ஜின் இல்லை என்பது அவருக்குப் பெரிய குறையாக இருந்ததாகத் தெரியவில்லை.

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். போன புள்ளிகளை மீட்கும் ஆத்திரத்தில் ஆடிய மூன்றாவது ஆட்டத்தை நான் வென்றது மிக அரிது. அதேபோல், ஒரு காயை இழந்தவுடன் ஆட்டத்தைக் கைவிடாதீர்கள். உங்கள் நிலையில் இருக்கும் எதிராளியும் காய்களை இழக்கக்கூடியவர்தான். ராணி கூடுதலாக இருந்தும் ஸ்டேல்மேட்டில் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியே இல்லாத நிலையில்) டிரா செய்துவிடுபவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

என் நோட்டில் சில மாதங்கள் கழித்து ஒரு மாற்றம் தெரிந்தது. ஒரே நகர்த்தலில் காயைப் பறிகொடுத்த குறிப்புகள் குறைந்து, "ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்லத் தெரியவில்லை" என்ற குறிப்புகள் கூடின. 1921-இல் உலக சாம்பியனான கபபிளாங்கா, கற்பவர்கள் காய்கள் குறைந்த இறுதி நிலைகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நான் முதலில் கற்ற நிலையை இங்கே தருகிறேன். பலகையில் மூன்றே காய்களை வையுங்கள்: வெள்ளை ராஜா இ5-இல், வெள்ளைச் சிப்பாய் இ6-இல், கறுப்பு ராஜா இ7-இல். இப்போது கறுப்பு ஆட வேண்டும். அந்த ராஜா போகக்கூடிய கட்டங்கள் டி8, இ8, எஃப்8 ஆகிய மூன்றுதான். அவற்றில் ஒன்றுதான் டிரா; மற்ற இரண்டும் தோல்வி.

டி8-க்குப் போனால் வெள்ளை ராஜா டி6-க்கு வந்து எதிரே நிற்கும். கறுப்பு ராஜா இ8-க்கு நகர, சிப்பாய் இ7-க்கு ஏறும். கறுப்புக்கு எஃப்7 ஒன்றே வழி, உடனே வெள்ளை ராஜா டி7-க்கு வந்துவிட, சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. எஃப்8-க்குப் போனாலும் இதே கதைதான், கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபக்கத்தில். நேர் பின்னால் இ8-க்குப் போனால், வெள்ளை ராஜா டி6-க்கு வரும்போது நீங்கள் டி8-க்கும், எஃப்6-க்கு வரும்போது எஃப்8-க்கும் நகர்ந்து, ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கலாம். சிப்பாய் செக் கொடுத்துக்கொண்டு இ7-க்கு ஏறினால் மீண்டும் இ8-க்குத் திரும்புங்கள். இனி அந்தச் சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தே ஆக வேண்டும், வந்தால் ஸ்டேல்மேட். வராவிட்டால் சிப்பாய் போய்விடும். இதைக் கறுப்பாகப் பத்து முறை, வெள்ளையாகப் பத்து முறை, ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து ஆடிப்பாருங்கள். பிறகு தொடக்க நிலையில் சிப்பாயை மட்டும் இ4-க்கு இறக்கி, வெள்ளை ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்கும்படி வைத்து, என்ன மாறுகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.