ஒண்டாச்சி என்ற பெயரைத் தேடிப் போனது

மெல்பேணில் இருக்கும் ஓர் அன்ரிக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். வீட்டுக்குள் ஆங்கிலம், தெருவில் தமிழும் சிங்களமுமாக வளர்ந்தவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய காலத்தில் அவர்கள் வீடும் கிளம்பிவிட்டது. அவருடைய அம்மா கலியாணத்துக்கு முன் ஒண்டாச்சி. இந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1992இல் புக்கர் பரிசு வாங்கிய மைக்கேல் ஒண்டாச்சிதான். அன்ரிக்கு அவரோடு என்ன உறவு என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியவில்லை.

"நீங்க ஒல்லாந்துலதானே இருக்கீங்க, டச்சு வாசிப்பீங்க. அம்மாட ஆக்கள் அங்க எந்த ஊருன்னு பாத்துச் சொல்லுங்க மகன்." இதுதான் எனக்கு வந்த கேள்வி. பேரப்பிள்ளை ஒருவர் அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்க்க ஆசைப்படுகிறாராம். அதற்கு முன் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

நெதர்லாந்தில் ஒரு குடும்பப் பெயரைத் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் குடும்பப் பெயர் வங்கி. டென் ஹாக்கில் உள்ள குடும்ப வரலாற்று மையம் அதை நடத்துகிறது. பெயரைத் தட்டினால் 1947 குடிசனக் கணக்கெடுப்பில் எத்தனை பேர், 2007இல் எத்தனை பேர், எந்த நகரசபையில் அதிகம் என்று வரைபடத்தோடு காட்டும். ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணைச் சொல்லாது. 'ஐந்துக்குக் கீழ்' என்று மட்டும் போடும். ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்ற கவனம். டச்சுப் பெயர்களுக்கு இது அருமையான கருவி. வரைபடத்தில் நிறம் அடர்ந்திருக்கும் மாகாணமே பெரும்பாலும் பெயர் பிறந்த இடமாக இருக்கும். ஒண்டாச்சிக்கு இந்த வழி உதவாது. நெதர்லாந்தின் வரலாற்றில் இடம்பிடித்த ஒண்டாச்சியே கொழும்பில் பிறந்தவர்.

அவர் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. 1758இல் பிறந்தவர். அப்பா வில்லெம் யூரியான் ஒண்டாச்சி இங்கே வந்து இறையியல் படித்து, கொழும்புக்குத் திரும்பிப் போய்ப் போதகராக இருந்தவர். அம்மா ஹெர்மினா குவின்ட், அம்ஸ்ரர்டாம்காரி. மகனையும் படிக்க இங்கே அனுப்பினார்கள். அவர் உட்ரெக்டில் படிக்கப் போய், நாட்டை ஆண்ட ஒரேஞ்ச் இளவரசருக்கு எதிராக எழுந்த 'தேசாபிமானிகள்' கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவராகிவிட்டார். ஊர்க்காவல் படை, நகரசபையை மாற்றச் சொல்லிக் கூட்டம் என்று 1780களில் உட்ரெக்ட் அமளிப்பட்டது. 1787இல் பிரஷ்யப் படை உள்ளே வர, இவர் நாட்டை விட்டு ஓடினார். 1795இல் ஆட்சி மாறியபின்தான் திரும்பினார். 1818இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னமே ஓர் ஐரோப்பிய நகரத்தில் சனநாயகம் கேட்டுச் சண்டை பிடித்தவர் கொழும்பில் பிறந்தவர் என்பது உட்ரெக்டில் குடியிருக்கும் எங்கட ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது.

இதைச் சொன்னதும் அன்ரிக்குச் சந்தோசம். "பாத்தீங்களா, ஒல்லாந்துக்காரர்தான்." அம்மா வழி ஒல்லாந்துதான் அன்ரி, பெயர் வந்தது அப்பா வழியாக என்றேன். அங்கேதான் வேலையே தொடங்கியது.

குடும்பங்களுக்குள் ஓடும் கதை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தமிழ் வைத்தியர் வந்தார், ஒல்லாந்த ஆளுநர் வீட்டில் ஒரு பெண்ணின் நோயை மூலிகையால் மாற்றினார், வெகுமதி பெற்று அங்கேயே தங்கிவிட்டார். மைக்கேல் ஒண்டாச்சி 1982இல் எழுதிய குடும்ப நினைவு நூலில் இது 1600ஆம் ஆண்டு என்றும், குணமானது ஆளுநரின் மகள் என்றும் வருகிறது. இலக்கியத்தில் அழகான ஆண்டு. ஆவணத்தில் நிற்காது: 1600இல் கொழும்பு போர்த்துக்கேயர் கையில் இருந்தது, ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1656இல். குடும்ப வரலாறு எழுதியவர்கள் சொல்லும் இன்னொரு வடிவம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மிக்கேல் யூரி ஒண்டாச்சி என்ற வைத்தியர் 1659இல் வந்து, ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் மனைவியைக் குணப்படுத்தினார் என்பது. இதில் எனக்கு நம்பிக்கை வருவதற்குக் காரணம் வைத்தியக் கதை அல்ல, ஆண்டுகள். வான் டெர் மெய்டன் அப்போது உண்மையிலேயே ஆளுநர். அதற்கு முந்திய ஆண்டு, 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்திருந்தார்கள். தஞ்சை நாயக்கர் நாட்டிலிருந்து கொழும்புக்கு ஒல்லாந்தக் கப்பலில் ஓர் ஆள் வரக்கூடிய வழி அப்போதுதான் திறக்கிறது. 1600இல் அந்த வழியே இல்லை.

Ondaatje என்று எழுதப்படும் அந்தப் பெயரின் வால் டச்சு மாதிரித் தெரிவதால்தான் இவ்வளவு குழப்பமும். டச்சில் 'சின்னது' என்று செல்லமாகச் சொல்ல ஒட்டும் விகுதியும் இதன் கடைசி எழுத்துகளும் ஒன்று. ஆனால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்கப்பிள்ளைகள் ஆசியப் பெயர்களில் வரும் 'ச்ச' ஒலியை டீயும் ஜேயும் சேர்த்துத்தான் எழுதினார்கள். ஜாவாவின் சிரபொன் பட்டினத்தையும் பழைய டச்சு வரைபடங்களில் அதே இரண்டு எழுத்தில் பார்க்கலாம். ஆக, அது விகுதி அல்ல, எழுத்துக்கூட்டல். பெயருக்கு என்ன பொருள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. நண்பர் ஒருவர் "ஒண்ட வந்த ஆச்சி" என்று விளக்கம் தந்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பத்திரங்கள். டென் ஹாக் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளவை. முன்பெல்லாம் அங்கே போய் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் புரட்ட வேண்டும். இப்போது இலட்சக்கணக்கான பக்கங்கள் படமெடுக்கப்பட்டு, கணினி கையெழுத்தை வாசித்து எழுத்தாக மாற்றி வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே சொல் தேடலாம். ஆனால் தேடுகிற விதம் தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் 'என்'னும் 'யூ'வும் ஒரே இரண்டு கோடு. மேலே ஒரு சின்ன வளைவு போட்டிருந்தால் அது யூ. அவசரத்தில் எழுதியவர் அதைப் போடமாட்டார். கணினி உடனே இதை 'ஔடாட்யே' என்று வாசித்துவிடும், ஏனென்றால் 'பழைய' என்பதற்கான டச்சுச் சொல் அதே எழுத்துகளில் தொடங்குகிறது, அது பக்கத்துக்குப் பக்கம் வருவது. அதனால் நான் ஒரு தாளில் சாத்தியமான எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்தேன்: ஏ ஒன்று, ஏ இரண்டு, கடைசியில் ஐ, ஐ-ஈ, வை, நடுவில் சீ-ஹெச். ஒவ்வொன்றையும் யூ போட்டு இன்னொரு முறை. சலிப்பான வேலைதான், ஆனால் ஆட்கள் இப்படித்தான் கிடைத்தார்கள்.

இதையும் விட உதவியது நடுப்பெயர். மிக்கேல் யூரி, வில்லெம் யூரியான், பீட்டர் பிலிப் யூரியான். பின்னால் வருகிறவர்களில் யூர்கன். எல்லாம் ஜோர்ஜ் என்பதன் வடிவங்கள். மூதாதையின் பெயர் ஆண்பிள்ளைகளுக்கு இறங்கிக்கொண்டே வருகிறது. ஐரோப்பியப் பெயர் வைத்துக்கொண்டு எங்கள் பழக்கத்தை விடாமல் செய்த காரியமாகவே எனக்குப் படுகிறது. பெயரின் எழுத்து எப்படிச் சிதைந்திருந்தாலும் பக்கத்தில் யூரியான் நின்றால் இந்த வீட்டு ஆள்தான் என்று எடுத்துக்கொண்டு போகலாம், பிறகு தாய் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் வைத்து உறுதிப்படுத்தலாம்.

தேடலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவர் இன்னொருவர், நிக்கொலாஸ் ஒண்டாச்சி. கம்பனி அவரைக் கொழும்பிலிருந்து தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தியது. 1728 முதல் 1737 வரை ஊரிலிருந்து சொந்தக்காரரும் நண்பர்களும் அவருக்கு எழுதிய கடிதங்கள் கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் தப்பிக் கிடந்தன. தமிழ், டச்சு, சிங்களம் என்று மூன்று மொழியிலும். லைடனில் தமிழ் கற்பித்த ஹெர்மன் டீக்கன் அவற்றைப் படித்து, மொழிபெயர்த்து, 2015இல் வெளியிட்டார். நிக்கொலாஸ் ஊர் திரும்பவில்லை. வம்சாவளி அட்டவணையில் இப்படிப்பட்டவருக்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஆனால் 'இந்த வீட்டில் என்ன மொழி பேசினார்கள்' என்ற கேள்விக்கு அந்தக் கடிதக் கட்டை விடப் பெரிய சான்று வேண்டுமா? வைத்தியர் வந்து எழுபது ஆண்டு கழிந்தபின்பும் அவர்களுக்குள் தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்ரியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மம்மா ரசம் வைக்கிறது செட்டியார் வீட்டு முறைன்னு சொல்லுவாங்க" என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒண்டாச்சி, காசிச்செட்டி, கந்தப்பா போன்றவை கொழும்புச் செட்டிச் சமூகத்தின் பழைய குடும்பப் பெயர்கள். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு எழுதிய சைமன் காசிச்செட்டியும் அந்தச் சமூகம்தான். சிலர் பின்னர் கலியாணங்கள் வழியாகப் பறங்கியரோடு சேர்ந்தார்கள்.

ஆவணம் தேடுகிறவருக்கு இது வெறும் சாதிக்கதை அல்ல. எந்த ஏட்டில் தேடுவது என்பதையே இது தீர்மானிக்கிறது. 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் இதழ் வம்சாவளிகளுக்குப் பொன் மாதிரி. ஆனால் அதன் கணக்கு ஆண்வழியில் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்பது. ஆண்வழி தமிழாக உள்ள பெயரை அங்கே மருமகன், மருமகள் பத்திகளில் பொறுக்க வேண்டும். தேவாலயப் பதிவுகளிலும் அப்படியே. வொல்வெண்டால் தேவாலயம் போன்ற ஒல்லாந்தச் சபைகளின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் 1677 முதற்கொண்டு கொழும்பு மாவட்டத்துக்குரியவை இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடக்கின்றன. உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் பதிவு வேறு: பள்ளித் தோம்பு என்ற பதிவேடு. யாழ்ப்பாணத்தில் காணி உறுதிக்குத் தோம்பு பார்க்கிற பழக்கம் எங்களுக்குத் தெரியும். அதே ஒல்லாந்தர் பள்ளிக்கூடங்கள் வழியாகக் குடும்பங்களையும் தோம்பில் ஏற்றினார்கள். அது கொழும்பில், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறது. இங்கிருந்து பார்க்க முடியாது. ஒரே குடும்பத்தின் அண்ணன் சபை ஏட்டிலும் தம்பி பள்ளித் தோம்பிலும் இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்ரியின் வழியைப் பிரித்தானியர் காலத்து விவாகப் பதிவுகள் வரை தடையில்லாமல் கொண்டுபோக முடிந்தது. அதற்கு மேலே ஒரு தலைமுறை அளவுக்கு இடைவெளி விழுகிறது. அதைத் தோம்புதான் நிரப்ப வேண்டும்.

இனி, இன்றைக்கு எத்தனை ஒண்டாச்சிகள்? பேரப்பிள்ளையின் கேள்வி இது. இணையத்தில் பெயர்ப் பரம்பல் சொல்லும் வணிகத் தளங்கள் ஒரு நாட்டுக்கு இத்தனை என்று துல்லியமாக எண் போடும். தொலைபேசிப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெருக்கி எடுத்த எண்கள் அவை. பெரிய பெயருக்கு அது ஓரளவு சரி வரும். அரிய பெயருக்கு ஒரு வீடு கூடினாலே கணக்கு புரண்டுவிடும். அதே தளங்கள் பக்கத்திலேயே குடும்பச் சின்னம் அச்சிட்ட கோப்பையும் விற்கும். வாங்காதீர்கள். அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்பு வெளியிடும் பெயர்ப் பட்டியல் நூறு பேருக்குக் குறைந்த பெயர்களைத் தொடுவதே இல்லை. இலங்கைக் கணக்கெடுப்பு இனத்தை எண்ணும், குடும்பப் பெயரை எண்ணாது. 2012இல் இரண்டு கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்களில் பறங்கியர் நாற்பதாயிரத்துக்கும் குறைவு என்பதிலிருந்து ஓர் ஊகத்துக்கு வரலாம், அவ்வளவுதான். மரண அறிவித்தல்கள், பழைய தொலைபேசிப் புத்தகங்கள், பல்கலைக்கழகப் பட்டியல்கள் என்று சேர்த்துப் பார்த்தால் அவுஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து, இலங்கை ஆகிய இடங்களில்தான் பெயர் நிற்கிறது. பெண்பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெயரை விட, ஒவ்வொரு தலைமுறையிலும் அது சுருங்குகிறது. பெயர்ப்பலகைகளில் மட்டும் குறைவில்லை: லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் மைக்கேலின் அண்ணன் கிறிஸ்தோபர் ஒண்டாச்சியின் நன்கொடையில் எழுந்த ஒரு பகுதி, இங்கிலாந்திலேயே ஓர் இலக்கியப் பரிசு, 2016இல் இலங்கையில் கண்டுபிடித்த ஒரு சிலந்திக்கு மைக்கேலின் நினைவாக வைத்த விஞ்ஞானப் பெயர். சிலந்தியைக் கேட்டு அன்ரி சிரித்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

பேரப்பிள்ளைக்கு நான் கொடுத்த ஆலோசனை ஒன்றே ஒன்று: இலக்கியவாதியின் எழுத்துக்கூட்டலை எடுக்காமல், பூட்டியின் விவாகப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்தில் எழுதுங்கள்; ஆதாரமாக வைக்கும் தாளும் படிவமும் ஒத்திருக்கும். அவருக்கு இரண்டு ஏ வேண்டுமென்று ஆசை. பதிவிலும் நல்ல வேளையாக இரண்டு ஏதான். படிவத்தை நிரப்பிவிட்டார். பள்ளித் தோம்பைப் பார்க்கக் கொழும்பில் டச்சுக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்திருக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியாகிவிட்டது. செலவு தன்னுடையது என்று அன்ரி சொல்லிவிட்டார்.