டி சஸ் ஃபோர் கைக்கு வந்துவிட்டது

கிற்றார் பழகுகிற வன்னிப் பிள்ளைகளுக்கு இது: டி சஸ் ஃபோர் (Dsus4) என்ற கோர்ட்டை, அதாவது சேர்ந்தொலிக்கிற சுரக்கூட்டை, பிடிக்கிற விதம். டி மேஜர் கோர்ட்டைப் பிடித்தபடியே, ஆக மெல்லிய தந்தியின் மூன்றாம் கட்டத்தில் (ஃபிரெட்) சின்னவிரலை வையுங்கள், அவ்வளவுதான்; நடுவிரல் இரண்டாம் கட்டத்திலேயே கிடக்கட்டும், ஏனென்றால் சின்னவிரலை எடுத்ததும் மேஜர் தானாகத் திரும்பி வரும். சங்கீதம் படித்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்: ச, க, ப என்றிருந்ததில் காந்தாரம் விலகி மத்யமம் வந்து நிற்கிறது. மேஜருமில்லை, மைனருமில்லை. காது அந்தக் காந்தாரத்துக்கு ஏங்கும், எனக்கு அந்த ஏக்கம்தான் சரியான விருப்பம், பின்னேரம் முழுக்க அதையே தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சின்னவிரல், நடுவிரல் இரண்டையும் தூக்கிப் பாருங்கள், ரிஷபம் கேட்கும், அது சஸ் டூ. கிளிநொச்சிப் பக்கம் வாசிக்கிற ஆட்கள் இருந்தால் சொல்லுங்கோ, சேர்ந்து பழகுவோம்.