தோலில் இருக்கிறது வாசனை

ஜனவரி 31, 2025, வெள்ளி இரவு

நாளைக்கு க்ரேப், அதாவது பிரெஞ்சு பாணி மெல்லிய மைதா தோசை. மாவை இப்போதே கலக்கி வைத்தாயிற்று. மைதா 125 கிராம், முட்டை 2, பால் 300 மில்லி, உருக்கிய வெண்ணெய் 25 கிராம், சிட்டிகை உப்பு. பேக்கிங் பவுடர் கிடையாது; உப்பி வந்தால் அது வேறு பண்டம்.

முட்டையோடு பாலில் பாதியை மட்டும் விட்டு, முதலில் கெட்டியாகக் கலக்கினேன். கட்டி உடைவது கெட்டி மாவில்தான். நீர்த்துவிட்டால் கட்டிகள் விஸ்க்குக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். அப்புறம் மீதிப் பால், கடைசியில் வெண்ணெய். மிக்சியிலும் அடிக்கலாம்தான், ஆனால் நுரை கட்டும். அடி அதிகமானால் மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, க்ரேப் கடிக்க இழுவையாக வரும்.

அரை மணி நேரம் ஊறினாலே போதும். மாவு பாலை இழுத்துக்கொள்ளும், குளூட்டனும் தளர்ந்துவிடும். எனக்குக் காலையில் வேலை குறையட்டும் என்று ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

ஊறிய மாவு சற்று கெட்டிப்பட்டிருந்தது. இரண்டு ஸ்பூன் பால் விட்டதும் சரியான பதம்: கரண்டியின் பின்புறம் மெல்லிய படலமாக ஒட்டியது.

நான்ஸ்டிக் தவா, மிதமான தீ. வெண்ணெயைத் தடவி, மிஞ்சியதை டிஷ்யூவால் துடைத்துவிட வேண்டும். தேங்கினால் மாவு பரவாமல் வழுக்கும். 20 செ.மீ. தவாவுக்கு 50 மில்லி மாவு தாராளம். ஒரு கையால் ஊற்றும்போதே மறு கையால் தவாவைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். ஓரம் காய்ந்து தானாக மேலெழும்பினால் திருப்பலாம். மறுபக்கத்துக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். முதல் க்ரேப் எப்போதும் திட்டுத் திட்டாகத்தான் வரும், தவா சூடு சீராகும் வரை. அது சமைக்கிறவருக்கு.

இன்று மேலே சர்க்கரையும் எலுமிச்சையும் மட்டும். சூட்டோடு சர்க்கரையைத் தூவி, அதன்மேல் சாற்றைப் பிழிந்து, உடனே மடித்துவிட வேண்டும். சர்க்கரை முழுக்கக் கரையாமல் நறநறவென்று பல்லில் படுவதுதான் இதில் சுகம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆரஞ்சு சாஸ். சாற்றில் இருப்பது இனிப்பும் புளிப்பும்தான்; ஆரஞ்சின் வாசனை பெரும்பாலும் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. தோலைக் குப்பையில் போட்டுவிட்டுச் சாற்றை மட்டும் காய்ச்சினால் சர்க்கரைப் பாகுதான் கிடைக்கும்.

இரண்டு பழங்களை வெந்நீரில் தேய்த்துக் கழுவினேன், மெழுகுப் பூச்சு போக. நிறமுள்ள மேல்தோலை மட்டும் துருவினேன். அடியில் உள்ள வெள்ளை கசக்கும். துருவலை 60 கிராம் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் பிசைந்தேன். சர்க்கரைப் பரல்கள் தோலைக் கீறக் கீற எண்ணெய் கசிந்து, சர்க்கரை ஈர மணல் மாதிரி, வெளிர் ஆரஞ்சு நிறத்தில் ஆகிவிட்டது. தட்டை அப்பால் வைத்த பிறகும் கையில் அந்த வாசனைதான்.

அந்தச் சர்க்கரையோடு 120 மில்லி சாற்றை அகலமான வாணலியில் கொதிக்கவிட்டேன். முதலில் சின்னச் சின்ன நுரை; வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும். அப்போது 40 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கினால் சாஸ் பளபளவென்று சேர்ந்துகொள்ளும். அடுப்பை அணைத்த பிறகே ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. முன்னாலேயே விட்டுக் கொதிக்கவைத்தால் அதன் புது மணம் போய்விடும்.

க்ரேப்பை நான்காக மடித்து அந்த வாணலியிலேயே புரட்டினேன். பிரெஞ்சுக்காரர்களின் க்ரேப் சுசெட் கிட்டத்தட்ட இதுதான். அதில் ஆரஞ்சு மதுவை ஊற்றித் தீ மூட்டுவார்கள். பார்க்க அழகு. எனக்கு அது இல்லாமலே நன்றாக இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

மிச்ச சாஸ் ஃப்ரிட்ஜில் வெண்ணெயோடு உறைந்திருந்தது. சிறு தீயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டதும் இளகிவிட்டது. சாற்றை மட்டும் முன்கூட்டியே பிழிந்து வைக்கக்கூடாது, அதுவும் நேவல் ஆரஞ்சு என்றால்: சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உருவாகிக் கசக்கத் தொடங்கும். மாவில் இன்னும் இரண்டு க்ரேப்புக்கு மிச்சம் இருக்கிறது. மேலே லேசாகச் சாம்பல் நிறம், கலக்கினால் மறைந்துவிட்டது. இன்றிரவே சுட்டு முடித்துவிடுவேன்.