பவுடர் கோட்டிங்குக்கு முன் புல்லட்டின் ஹேண்டில் லாக்கைக் கழற்றியது

சேஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை, பவுடர் கோட்டிங்குக்கு (பெயின்டுக்குப் பதில் நிறப் பொடியை ஒட்டி ஓவனில் உருக்கிப் பிடிக்கவைப்பது) அனுப்பலாம் என்று முடிவானபோது வண்டியில் ஏறக்குறைய எல்லாமே கழன்றிருந்தது. இன்ஜின், ஃபோர்க், ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்ட், ஹேண்டில் திரும்ப உதவும் குண்டுகள் உருளும் பால் ரேஸ் கிண்ணங்கள் வரை வெளியே வந்துவிட்டன. ஹேண்டிலைத் திருப்ப முடியாமல் பூட்டும் ஹேண்டில் லாக் மட்டும் தலைக்குழாயை, அதாவது ஃபோர்க்கின் தண்டு உள்ளே சுழலும் சேஸின் முன்குழாயை, விட்டு அசைய மறுத்தது. வண்டி எண்பதுகளில் திருவொற்றியூரில் தயாரான 350 புல்லட். பல கை மாறி என்னிடம் வந்தபோது அந்த லாக்குக்குச் சாவியே கிடையாது. நல்லவேளை, திறந்த நிலையில் துருப்பிடித்திருந்தது. பூட்டிய நிலையில் இறுகியிருந்தால் ஃபோர்க்கைக் கழற்றுவதற்கே வழியிருந்திருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கோட்டிங் செய்பவர், "அது இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார், மேல டேப் ஒட்டி அடிச்சுடறோம்" என்றார். நிறைய பேர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் பிளாஸ்டிங், அதாவது துகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது. பழைய பெயின்டை உரிக்கும் அந்தத் துகள் சாவித்துளைக்குள் போனால் திரும்ப வராது. அடுத்தது ஓவன். பவுடர் உருகிப் பிடிக்க இரும்பு 180 முதல் 200 டிகிரி வரை சூடாக வேண்டும். பித்தளை லாக் அந்தச் சூட்டில் உருகாது. ஆனால் உள்ளே வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடக்கும் கிரீஸும் எண்ணெயும் இளகி வெளியே கசியும். கசிந்த இடத்தில் பவுடர் குமிழ் விடும், சரியாக ஒட்டாது. அப்புறம் எப்போதாவது லாக்கை மாற்ற நினைத்தால் புது கோட்டிங்கின் மேல் டிரில் போட வேண்டிவரும். பவுடர் கோட்டிங் பெயின்ட் மாதிரி இல்லை. பெயர்ந்த இடத்தில் தொட்டுப் பூசிச் சரிசெய்தால் தனியாகத் தெரியும்.

சரி, கழற்றியே ஆக வேண்டும். ஆனால் என் வண்டியில் சேஸ் நம்பர் பஞ்ச் செய்திருப்பதும் அதே தலைக்குழாய்ப் பகுதியில்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது என்ன தலைவலி என்று தெரியும். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. 15 வருஷம் வரை செல்லும். அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது அந்த நம்பரைத்தான். கிரைண்டர் கொஞ்சம் வழுக்கி ஓர் எழுத்து மழுங்கினால் வண்டியே கேள்விக்குறி. அதனால் கிரைண்டர், பெரிய சுத்தியல், கேஸ் டார்ச் மூன்றும் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். நம்பருக்கு பென்சில் பிரிண்ட் எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் போட்டோவும் எடுத்து வைத்தேன்.

முதலில் சாவி செய்து பார்க்கலாம் என்று பக்கத்துத் தெருவில் சாவிக்கடை வைத்திருக்கும் பாயை அழைத்து வந்தேன். இந்த லாக்குகளின் உள்ளே சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால்தான் தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை திரும்பும். வெட்டாத சாவியை உள்ளே விட்டு லேசாகத் திருகி, எங்கே தடம் பதிகிறது என்று பார்த்து அங்கே அரம் போடுவது பாயின் முறை. பார்க்க அழகான வேலை. ஆனால் தகடுகள் அசைந்தால்தானே தடம் விழும்! கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, "உள்ள எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு சார், சாவி போட்டு நேரத்தை வீணாக்காதீங்க, டிரில்தான்" என்று சொல்லிவிட்டார். காசும் வாங்கவில்லை.

ஃபோர்க் வெளியே இருந்ததில் ஒரு வசதி. டார்ச் அடித்துத் தலைக்குழாய்க்குள் பார்த்தால் லாக்கின் நாக்கு வந்து போகும் ஓட்டை தெரியும். துரு இளக்கும் ஆயிலைச் சாவித்துளை வழியாக மட்டுமல்லாமல் அந்த ஓட்டை வழியாகவும் விட்டு ஊறவைத்தேன். வெளியிலிருந்து மட்டும் விட்டால் ஆயில் முன்பகுதியிலேயே நின்றுவிடும். லாக் பிடித்துக்கொண்டிருப்பதோ பின்பகுதியில்.

சூடு காட்டு, இளகும் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அது பாதி உண்மைதான். ஒரு டிகிரி சூட்டுக்கு இரும்பு பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும், பித்தளை 19 பங்கு. இரும்புத் துளைக்குள் பித்தளை உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் லாக் இன்னும் இறுகும். எனக்கு உதவியது சூடு அல்ல, அதற்குப் பின் வந்த குளிர்ச்சி. ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடு காட்டி, லாக்கின் முகத்தில் மட்டும் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினேன். ஆறும்போது பித்தளைதான் அதிகம் சுருங்கும். அந்த இடைவெளிக்குள் ஆயில் இறங்கும். பல தடவை பொறுமையாக இதையே செய்தபின் லாக்கைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஆயில் கசிய ஆரம்பித்தது.

அப்புறம்தான் டிரில். சாவித்துளையை மூடும் சின்னத் தகடு ஒரு ரிவெட்டில் தொங்கும். அந்த ரிவெட்டின் தலையில் சென்டர் பஞ்ச் வைத்துக் குழி போட்டு, 3 மில்லிமீட்டர் பிட்டால் தலையை மட்டும் எடுத்தேன். பிறகு சாவித்துளையின் கோட்டிலேயே, மெதுவான வேகத்தில், முதலில் சின்ன பிட், அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. ஆழம் தாண்டாமலிருக்க பிட்டில் டேப் சுற்றிக்கொண்டேன். பித்தளைத் துகளோடு ஒவ்வொரு தகடாக உடைந்து வந்தது. ஸ்பிரிங்குகளைக் காந்தத்தால் எடுக்கப் பார்த்தேன், அவையும் இரும்பல்ல, ஊசியால்தான் கிளற வேண்டியிருந்தது. தகடுகள் போனதும் தட்டை ஸ்க்ரூடிரைவர் உருளையைத் திருப்பியது. லாக்கைத் துளைக்குள் பிடித்து வைத்திருந்த முள் உள்வாங்கியது. டிரில் போட்ட துளையில் ஒரு ஸ்க்ரூவை இறுக்கி, அதை பிளையரால் பிடித்து லேசாக ஆட்டி ஆட்டி இழுத்ததில் முழு லாக்கும் வெளியே வந்துவிட்டது. நம்பர் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

கோட்டிங்குக்கு அனுப்புவதற்கு முன்பே புது லாக் வாங்கிவிடுவது நல்லது. ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் செட்டுகளில் நாக்கின் நீளமும் முள்ளின் இடமும் எல்லாம் ஒன்றாக இருப்பதில்லை. நான் வாங்கியதைத் துருவை எடுத்த துளையில் போட்டு, ஃபோர்க்கையும் மாட்டி, பூட்டித் திறந்து பார்த்தபிறகே சேஸை அனுப்பினேன். துளைக்கும் பால் ரேஸ் உட்காரும் இடங்களுக்கும் சூடு தாங்கும் சிலிக்கான் அடைப்பான் வைக்கச் சொன்னேன். கோட்டிங்கின் கனம் 60 முதல் 100 மைக்ரான்தான், ஆனால் இறுக்கமாக உட்கார வேண்டிய இடத்தில் அதுவே போதும் தகராறு பண்ண. நம்பர் இருக்கும் இடத்தை நானே பெயின்ட் ரிமூவர் போட்டுக் கையால் சுத்தம் செய்து, பிளாஸ்டிங்கின்போது அங்கே டேப் ஒட்டச் சொல்லி, மேலே மெல்லிய கோட்டிங் மட்டும் கேட்டேன். நிறம் பழைய கறுப்பே. மாற்றியிருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

சேஸ் திரும்பி வந்ததும் புது லாக் கையாலேயே உள்ளே போனது. மூடித் தகட்டுக்கு அலுமினிய ரிவெட். எர்த் ஒயர் வரும் இடத்தில் மட்டும் கோட்டிங்கைச் சுரண்டிவிட்டேன், பவுடர் மேல் கரன்ட் பாயாது.