எஸ்.ஓ.பி.யில் உங்கள் ஆறாம் வகுப்பு வேண்டாம்

செப்டம்பர் பிறந்தாலே எனக்கு எஸ்.ஓ.பி.க்கள், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரைகள் (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்), வர ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் யார் மூலமாவது நம்பர் வாங்கி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்புவார்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். சிறு வயதிலிருந்தே கம்ப்யூட்டர் மீது தீராத ஆர்வம், ஆறாம் வகுப்பில் அப்பா வாங்கித் தந்த லேப்டாப், அதுவும் இல்லையென்றால் யாரோ பெரிய மனிதர் சொன்ன பொன்மொழி. முன்பு கன்சல்டன்சிக்காரர்கள் இதை எழுதித் தந்தார்கள், இப்போது சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. இங்கிலீஷ் கொஞ்சம் பளபளப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கப்போவது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அந்தத் துறையின் பேராசிரியர்கள்தான் அட்மிஷன் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். பல இடங்களில் டிசம்பர் 15 வாக்கில் கடைசித் தேதி, அது முடிந்ததும் அவர்கள் முன்னால் விண்ணப்பங்கள் மலை மாதிரி வந்து குவியும். உங்கள் பால்ய கால ஆர்வத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு வேலையைக் கொடுத்தால் இந்தப் பிள்ளை எப்படி யோசிக்கும், நடுவில் சிக்கல் வந்தால் என்ன செய்யும் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

வண்டி நம்பர் பிளேட்டைப் படிக்கும் ப்ராஜெக்ட் செய்த ஒரு பெண்ணின் எஸ்.ஓ.பி. வந்தது. பைதான், ஓப்பன்சிவி என்று சாஃப்ட்வேர் பெயர்களை அடுக்கி, "வெற்றிகரமாகச் செய்து முடித்தேன்" என்று முடித்திருந்தாள். சரி, எங்கே சொதப்பியது என்று போனில் கேட்டேன், அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு காலேஜ் கேட்டில் நின்று தானே போனில் படம் எடுத்திருக்கிறாள். காலையில் எடுத்ததெல்லாம் நன்றாக வந்திருக்கிறது, சாயங்காலம் ஹெட்லைட் வெளிச்சத்தில் பிளேட்டே வெள்ளையாகிவிட்டது. போதாக்குறைக்கு நம் ஊர் பைக்குகளில் வளைத்து வளைத்து எழுதிய நம்பர், ஓரத்தில் சாமி ஸ்டிக்கர், 8 எது பி எது என்று நம்பரைப் படிக்கும் மாடலுக்குக் குழப்பம். சாயங்காலப் படங்களைத் தனியாகப் பிரித்து மறுபடி பயிற்சி கொடுத்துப் பார்த்து, ஓரளவுக்குத்தான் சரியானது என்றாள். இதில் ஒரு வரிகூட எஸ்.ஓ.பி.யில் இல்லை! இதையே முதல் பத்தியாக வைக்கச் சொன்னேன், மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தானாக வந்துவிட்டது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்துவிட்டு முழிப்பீர்கள், தெரியும். அதை உங்களுடையது என்று எழுதாதீர்கள். மினி ப்ராஜெக்ட்டோ இன்டர்ன்ஷிப்போ, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நீங்களே கையால் செய்ததை எழுதுங்கள். அப்படி எதுவுமே இல்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, அந்த வாங்கிய ப்ரோக்ராமையே பிரித்து ஓட்டி, எங்கே உடைகிறது என்று பாருங்கள், வாங்கிய கதையையும் அப்புறம் நீங்கள் கண்டுபிடித்ததையும் மறைக்காமல் எழுதலாம்.

அரியர் இருந்தால் இரண்டு வரியில் காரணம் சொல்லி நகருங்கள், புலம்பல் வேண்டாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி யுனிவர்சிட்டி மாதிரி சில இடங்களில் எஸ்.ஓ.பி.யோடு உங்கள் சொந்தப் பின்னணி பற்றி இன்னொரு கட்டுரையும் தனியாகக் கேட்பார்கள். குடும்பக் கஷ்டம், வீட்டில் முதல் பட்டதாரி என்பதெல்லாம் அங்கேதான் எடுபடும்.

சிபாரிசுக் கடிதம் பெரிய தலைவலி. பொதுவாக மூன்று கேட்பார்கள். "நீயே எழுதிட்டு வாப்பா, நான் போட்டுவிடறேன்" என்று சொல்லாத சார் நம் ஊரில் அபூர்வம். மூன்றையும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே குரலில்தான் பேசும், எஸ்.ஓ.பி.யும் அதே குரல் என்றால் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அதற்குப் பதிலாக, அவர் பாடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த லேபில் எதற்காக அவரிடம் போய் நின்றீர்கள் என்று ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுங்கள். அதை வைத்து அவரே எழுதட்டும், இரண்டு பத்தி வந்தாலும் போதும். கடிதத்தை ஏற்றுவதற்கான லிங்க் அவருடைய மெயிலுக்கு நேராகப் போகும், ஸ்பாமில் விழுந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். முடிந்தவரை அவருடைய காலேஜ் மெயில் ஐடியையே கொடுங்கள்.

கன்சல்டன்சி தரும் யுனிவர்சிட்டி பட்டியலை அப்படியே நம்பவேண்டாம். சில யுனிவர்சிட்டிகள் ஆள் சேர்த்துவிடுவதற்குக் கமிஷன் தருகின்றன, அந்தப் பெயர்கள் பட்டியலில் மேலே வந்து நிற்கும்.

எஸ்.ஓ.பி.யின் கடைசிப் பத்தியில், யாரிடம் படிக்க ஆசை என்று பேராசிரியர்கள் பெயர் போடுவது எல்லோரும் செய்வது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா என்று துறையின் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அவருடைய சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுப் பெயரைப் போடுங்கள். ஒரே ஃபைலைக் காப்பி பண்ணித்தானே எட்டு இடத்துக்கு அனுப்பப்போகிறீர்கள், சப்மிட் அழுத்தும் முன் பழைய யுனிவர்சிட்டி பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை தேடிவிடுங்கள். அனுப்பியபின் பெரும்பாலும் மாற்ற முடியாது, கட்டிய ஃபீஸும் திரும்பி வராது.